கண்டார் உரைத்த புகாரா

சென்ற ஆண்டு வகுப்பிற்கென யான் எழுதிய கட்டுரையொன்றில், "புகாரா இருள் சூழ்ந்த நகரம், கொடுமையே அந்நகர மாந்தர்க்கு இயல்பு" என்றொரு வாக்கியம் இடம்பெற்றிருந்தது. நம் கல்லூரி நூல்நிலையத்தின் பழைய அலமாரியொன்றில் கிடைத்த ஆங்கில யாத்திரை நூலைப் படித்த வேகத்தில் எழுதிய வாக்கியம் அது. கட்டுரை என் கைக்குத் திரும்பி வந்தபொழுது, அவ்வாக்கியத்தின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையினால், "இதனைச் சொன்னவர் அங்கே எத்தனை நாள் இருந்தார்? யாரோடு பேசினார்?" என்று இரண்டு வினாக்களை மட்டும் எழுதியிருந்தார். அன்று எனக்கு அவை வேண்டாத வினாக்களாகவே தோன்றின. கண்ணாற் கண்டவர் எழுதியதையும் ஐயுறுவதோ என்று எண்ணினேன். எனினும் அவ்வினாக்கள் என்னை விட்டபாடில்லை. விடை காணும்பொருட்டு, புகாராவைக் கண்டு எழுதிய பயணிகள் சிலருடைய வரலாறுகளை விடுமுறை நாட்களில் ஒவ்வொன்றாகப் படிக்கலானேன். படித்ததன் பயனாக என் வாக்கியம் தவறு என்று உணர்ந்தேன். அது தவறாயினமை எவ்வாறு என்பதையும் ஒருவாறு அறிந்தேன். அதனை நம் கல்லூரி அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

புகாரா என்றவுடன் காவிரி கடலோடு கலக்கும் புகார் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆனால் பெயரொலியில் ஒற்றுமை உளதேயன்றி, இவ்விரு நகர்க்கும் உறவொன்றும் இல்லை. புகாரா, மத்திய ஆசியாவில் ஸரவ்ஷான் என்னும் ஆற்றின் நீரால் பாலைநிலத்திடையே தழைத்த நகரம். ஸாமானியர் என்னும் அரசர் குலத்தார்க்கு அது பத்தாம் நூற்றாண்டில் தலைநகராயிருந்தது. ஐரோப்பியர் அவிஸென்னா என்றழைக்கும் மருத்துவப் பேரறிஞர் இப்ன் ஸீனா, 980-ஆம் ஆண்டில் அதனருகே ஓர் ஊரிற் பிறந்து, அவ்வரசருடைய நூலகத்தில் கற்றுத் தேர்ந்தவர். 1127-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற கல்யான் என்னும் செங்கற்றூண் இன்றும் அங்கே வானளாவி நிற்கின்றது. 1220-இல் செங்கிஸ்கான் அந்நகரை எரியூட்டிய காலத்தும் அத்தூண் அழிவின்றித் தப்பியது. பதினாறாம் நூற்றாண்டில் உஸ்பெக் கான்களுக்கும், பின்னர் 1920 வரை அமீர்களுக்கும் புகாரா தலைநகராயிருந்தது. இன்று அஃது உஸ்பெக்கிஸ்தான் நாட்டின் நகர்களுள் ஒன்று. அந்நாட்டின் தலைநகரம் தாஷ்கண்டு. ஆகவே, யான் கூறப்புகுவது பெரும்பாலும் அமீர்கள் ஆண்ட காலத்துத் தலைநகரைக் கண்ட பயணிகளைப் பற்றியது.

முதற்கண் அந்தோணி ஜெங்கின்ஸன் என்னும் ஆங்கிலேய வணிகரைக் காண்போம். மாஸ்கோவோடு வாணிகம் செய்த ஆங்கில வணிகக் கூட்டத்தாரின் பொருட்டு, சீனத்திற்கு நிலவழி தேடிப் புறப்பட்ட இவர், 1558-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் புகாராவை அடைந்து, அடுத்த மார்ச்சுத் திங்கள்வரை அங்கே தங்கினார். போர்களினால் சீனவழி அடைபட்டிருந்தமையின், அவர் வந்த காரியம் கைகூடவில்லை. இந்தியாவிலிருந்து வந்த வணிகர் தலைப்பாகைக்கேற்ற வெள்ளைத் துணிகளைக் கொணர்ந்தனர் என்றும், பொன்னும் மணியும் வாசனைப் பொருள்களும் கொணர்ந்திலர் என்றும் அவர் குறித்திருக்கின்றார். அவற்றின் காரணத்தை உசாவி, அவ்வாணிகம் முழுதும் போர்த்துக்கேசியர் வசமான கடல்வழியே செல்கின்றது என்று தெரிந்துகொண்டார். அரசன் தம்மை அழைத்து அன்பாகப் பேசியதையும் எழுதினார். ஆயினும், அவ்வரசன் தம்மிடம் வாங்கிய சரக்கின் கடனைத் தீர்க்காமலே போருக்குச் சென்றுவிட்டான் என்பதற்காக அவனைப் பழித்தும் எழுதினார். புறப்படும்பொழுது அந்நாட்டில் அடிமைகளாயிருந்த ருஷியர் இருபத்தைவரை மீட்டுத் தம்மோடு அழைத்துச் சென்றார் என்பது அவர் வரலாற்றில் நாம் போற்றத்தக்க செய்தி.

ஜெங்கின்ஸன் கூறும் மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அந்நகரின் நீரைப் பருகுவோர் காலில் முழநீளத்திற்கு மேற்பட்ட புழுவொன்று தோலுக்கும் தசைக்கும் இடையே வளர்கின்றதென்றும், அதனை அவ்வூர் வைத்தியர் நாள்தோறும் சிறிது சிறிதாக உருட்டி வெளியே எடுப்பரென்றும், இடையில் அறுந்தால் நோயாளிக்கு ஆபத்தென்றும் அவர் எழுதினார். நம் நாட்டார் நரம்புச் சிலந்தி என்று வழங்கிய நோயே அது. இச்செய்தியை 1832-இல் சென்ற பர்ன்ஸும், 1863-இல் சென்ற வாம்பேரியும் மீண்டும் குறித்திருக்கின்றனர். ஒருவரையொருவர் கண்டறியாத மூவர் முந்நூறு ஆண்டுகளாக ஒன்றையே கூறுவாராயின், அதனை நாம் ஐயமின்றிக் கொள்ளலாம். இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

அலெக்ஸாந்தர் பர்ன்ஸ் என்பார் ஆங்கிலக் கும்பினியாரின் படையில் லெப்டினண்டு பதவியிலிருந்த இளைஞர். 1832-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் புகாராவை அடைந்து, ஏறக்குறைய ஒரு திங்கள் அங்கே தங்கினார். ருஷியர் இந்தியாவை நோக்கி வரக்கூடிய வழிகளை அறிந்து வருதலே கும்பினியார் அவரிடமிருந்து எதிர்பார்த்த பணி. 1834-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூல் இலண்டனில் மிக்க வரவேற்புப் பெற்றது. அதில் நம் கண்முன் நிற்கும் காட்சிகள் பல. அரண்மனைக் கோட்டையின் எதிரேயுள்ள ரெஜிஸ்தான் என்னும் வெளியில் அவர் அமர்ந்து, பாரசீகரும் ருஷியரும் தார்த்தாரியரும் சீனரும் இந்தியரும் ஆப்கானியரும் கலந்து செல்லும் கூட்டத்தைக் காண்கின்றார்; கனிக்கடைகளையும், தேநீர்க் கடைகளையும், திராட்சைப் பாகில் பனிக்கட்டியைச் சீவிக் கலந்து விற்கும் இனிப்பையும் வருணிக்கின்றார். முஸ்லிமல்லாதார் நகர மதிலுக்குள் குதிரை ஏறிச் செல்லலாகாது என்னும் விதிக்கு அவரும் உட்பட்டு நடந்தே செல்கின்றார். சிந்து நாட்டுச் சிக்கார்ப்பூரிலிருந்து வந்த இந்து வணிகர் ஏறக்குறைய முந்நூறு பேர் தமக்கெனத் தனிச் சத்திரம் ஒன்றில் வாழ்ந்ததையும், பிறர் தம்மை இனங்கண்டுகொள்ளுமாறு அவர் வேறான உடை அணிய வேண்டியிருந்ததையும் கூறுகின்றார். சனிக்கிழமை தோறும் காலையில் நடந்த அடிமைச் சந்தையையும் நேரிற் கண்டு எழுதினார்.

பர்ன்ஸோடு சென்றவர்களுள் மோகன் லால் என்னும் காச்மீர அந்தணர் ஒருவர் இருந்தார். 1812-ஆம் ஆண்டிற் பிறந்து, தில்லிக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்று, பாரசீக மொழி முன்ஷியாக அக்கூட்டத்தில் சேர்ந்தவர். புறப்பட்டபொழுது அவர் வயது பத்தொன்பது, என் வயது. கல்லூரியை விட்டு நேரே பாலையும் பனிமலையும் கடந்து அந்நிய தலைநகரொன்றிற்குச் சென்று, திரும்பி வந்து 1834-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தம் யாத்திரைக் குறிப்பை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். பர்ன்ஸின் பெயரை அறிந்தோர் பலர்; மோகன் லாலின் பெயரை அறிந்தோர் சிலரே. ஒரே நகரத்தை ஒரே திங்களில் கண்ட இருவருள், தலைவர் எழுதிய நூல் உலகெங்கும் சென்றது. முன்ஷி எழுதிய நூல் அலமாரியில் தங்கிவிட்டது. ஒரு நகரத்தைப் பற்றி நாம் அறிவன எல்லாம், கண்டவர் எவர் என்பதனோடு, எவருடைய சொல்லுக்குச் செவிசாய்க்கும் வழக்கம் நமக்கு உளது என்பதனையும் பொறுத்தனவன்றோ?

இனி, என் வாக்கியத்திற்குக் காரணமாயிருந்த கொடுஞ்செய்திக்கு வருகின்றேன். 1838-ஆம் ஆண்டு இறுதியில் கர்னல் ஸ்டாடர்ட் என்னும் ஆங்கிலத் தூதர் புகாராவிற்குச் சென்றார். அக்காலத்து அமீர் நஸ்ருல்லா. தூதர் அந்நகர வழக்கத்தை மதியாமல் குதிரையினின்று இறங்காதிருந்தமை அமீரின் சினத்திற்கு ஒரு காரணம் என்பர். அவரை அமீர் பூச்சிகள் மொய்க்கும் நிலவறையில் அடைத்தான். அவரை மீட்கும் எண்ணத்தோடு 1841-இல் சென்ற காப்டன் கானலியும் சிறைப்பட்டார். அதற்கிடையில், 1839-இல் ஆங்கிலச் சேனை ஆப்கானிஸ்தானத்தில் நுழைந்தது. அமீர் விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதத்திற்கு அரசியிடமிருந்து விடை வரவில்லை. இந்தியக் கவர்னர் ஜெனரலிடமிருந்தே விடை வந்தது. 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலச் சேனை அழிவுற்றது. அவ்வாண்டு ஜூன் திங்களில் தூதர் இருவரும் கோட்டையின் முன் வெளியில் தலை துணிக்கப்பட்டனர். அமீரின் அச்சத்திற்கும் அவமதிப்புணர்ச்சிக்கும் காரணம் இருந்தது என்று காட்டுதல், அக்கொலையை நேரிது என்று கூறுதலாகாது. தூதரைக் கொல்லுதல் எந்நாட்டு அறநூலும் விலக்கிய செயல்.

இவ்விருவருடைய நிலையை அறிந்து வர முன்வந்தவர் ஜோஸப் வுல்ப் என்னும் பாதிரியார். யூத குலத்தில் ரபி ஒருவரின் மகனாகப் பிறந்து, கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவியவர் இவர். முன்னரே 1832-இல், மறைந்துபோன இஸ்ரவேல் கோத்திரங்களைத் தேடிப் புகாரா சென்று, அங்குள்ள யூதரோடு பழகியிருந்தார். திரும்பும் வழியில் ஆப்கான் மலைகளில் உடைமையெல்லாம் பறிகொடுத்து, உடையுமின்றி நடந்து காபூல் சேர்ந்ததாகத் தாமே எழுதியிருக்கின்றார். அடுத்த ஆண்டு இந்தியாவில் சுற்றியபொழுது, சென்னைக்கு அருகே வாந்திபேதி கண்டு பிழைத்து, பல்லக்கில் புதுச்சேரிக்குச் சென்று, பின்னர்த் திருநெல்வேலிச் சீமையின் சபைகளையும் கண்டு சென்றார். எம்மனோர் பாட்டன்மாரின் பாட்டன்மார் சிலர், புகாராவைக் கண்ட கண்களை நேரிற் கண்டிருக்கக் கூடும் என்பது எனக்கு வியப்பளித்தது. 1844-இல் அவர் பாதிரியார்க்குரிய முழு அங்கி அணிந்து, விவிலியத்தைக் கையில் ஏந்தி, திரண்ட மக்கட் கூட்டத்தினிடையே மீண்டும் புகாராவில் நுழைந்தார். தூதர் இறந்த செய்தி உறுதிப்பட்டது. அவரும் சிறைபோலவே வைக்கப்பட்டார். பாரசீக அரசரின் தூதர் அவர்பொருட்டு முயன்றமையால் உயிரோடு மீண்டு, 1845-இல் தம் வரலாற்றை வெளியிட்டார். அவருடைய நெஞ்சுரத்தை எவரும் மெச்சுவர்; யானும் மெச்சுகின்றேன். ஆனால் இம்முறை அவர் கண்ட புகாரா, பெரும்பாலும் அமீரின் அவையும் தம்மைக் காவல் செய்த வீடுமே. அவரை மீட்க உதவியவர் ஒரு முஸ்லிம் தூதர் என்பதனையும் நான் முதன்முறை படித்தபொழுது விரைந்து கடந்து சென்றுவிட்டேன்.

பின்னர் வந்தவர்களுள் இருவரை மட்டும் கூறி அமைவேன். ஹங்கேரி நாட்டறிஞர் வாம்பேரி 1863-இல் முஸ்லிம் துறவியின் வேடம் பூண்டு, உண்மையான ஹாஜிகளின் கூட்டத்தோடு கலந்து புகாராவில் உலவினார். வேடத்தினால் பிற ஐரோப்பியர் செல்லலாகாத இடங்களுக்கெல்லாம் அவர் சென்றார், மொழியும் அறிந்திருந்தார். ஆயினும் வேடம் வெளிப்பட்டால் உயிர் தப்பாதென்னும் அச்சம் அவர் காட்சியோடு கலந்தே நிற்கின்றது. அஞ்சி நடப்பவன் கண்ணுக்கு எதிர்ப்பட்டவரெல்லாம் ஒற்றராகத் தோன்றுதல் இயல்பு. மற்றவர், பிற்காலத்தில் இந்தியாவின் வைஸிராயாக வந்த கர்ஸன் பிரபு. 1868-இல் புகாரா ருஷியப் பேரரசிற்கு அடங்கியது. 1888-இல் இருப்புப்பாதை அந்நகர்க்கு அருகே வந்தது. அவ்வாண்டே புகைவண்டியிற் சென்ற கர்ஸன், நகரின் பழம்பொலிவு முற்றும் மறையுமுன் தாம் கண்டுவிட்டதாக மகிழ்ந்து எழுதினார். ருஷியர் இந்தியாவிற்கு எத்துணை அணிமையில் வந்துவிட்டனர் என்று கணக்கிடுதலே அவர் நூலின் உள்ளுறை.

மேற்கூறியவர்களை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. வணிகர், தீராத கடனால் அரசனை அளந்தார். படைத்தலைவர், வழிகளாலும் வாயில்களாலும் நகரை அளந்தார். பாதிரியார், தாம் தேடிய ஆன்மாக்களாலும் நண்பராலும் அளந்தார். அரசியலாளர், ருஷியாவின் நிழலால் அளந்தார். ஒவ்வொருவரும் எக்காரியத்தின்பொருட்டு வந்தனரோ அதனையே கோலாகக் கொண்டனர். இவர்கள் பொய்யுரைத்தனர் என்று யான் கூறவில்லை. நம் முன்னோர் பொருளை அறியும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என வகுத்தனர். பயணி நமக்குத் தருவது உரை. அவ்வுரையினுள்ளே அவன் கண்ட காட்சியும் உண்டு. கண்டதிலிருந்து அவன் கருதிக்கொண்ட கருத்தும் உண்டு. காலில் வளர்ந்த புழுவும், சனிக்கிழமைச் சந்தையில் நின்ற அடிமையும் காட்சி. "இந்நகர மாந்தர் கொடியர்" என்பது கருதல். முன்னது பல கண்கள் கண்டு உறுதிப்பட்டது. பின்னதற்கு, அவன் தங்கிய நாட்களும் பழகிய மாந்தரும் அறிந்த மொழியும் போதிய சான்றாகுமா என்று நாம் ஆராய்தல் வேண்டும். யானோ இரண்டனையும் வேறு பிரியாமல் ஒரே விழுங்காக விழுங்கிவிட்டேன்.

இங்கே நண்பர் சிலர் மறுத்துரைக்கக் கூடும். "அங்ஙனமாயின், அயலார் எழுதியவற்றை எல்லாம் தள்ளிவிட்டு, அந்நாட்டார் எழுதியவற்றையே கொள்ளுதல் அமையாதோ?" என்பர். இக்காலத்து இளைஞரிடையே இக்கொள்கை மிகுதியாகக் காணப்படுகின்றது. யான் இதற்கும் உடன்படேன். அடிமைச் சந்தை புகாராவில் வாழ்ந்தோர் பலருக்கு நாடோறும் காணும் வழக்கம். வழக்கமாகிவிட்ட தீமை கண்ணிற்படுவதில்லை. புதிதாக வந்தவன் கண்ணில் அது முள்ளாகத் தைத்தது. ஜெங்கின்ஸன் அடிமைகளை மீட்டதும், பர்ன்ஸ் சந்தையை எழுதி வைத்ததும் அதனாலேயே. யூதரும் இந்துக்களும் தாங்கிய இழிவுகளையும் புறத்தார் பலர் குறித்தனர். 1873-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் புகாராவில் அடிமை வாணிகம் விலக்கப்பட்டதும் புறத்தாரது நெருக்கத்தினாலேயே. அயலான் கண் நமக்கு வேண்டும். தன் வீட்டுப் புழுதியைத் தானே காண்பவர் அரியர்.

ஆயினும், தன் வீட்டுப் புழுதியைக் கண்டவர்கள் அந்நகரிலேயே இருந்தனர் என்பதுதான் என் வாக்கியத்தை முற்றும் வீழ்த்தியது. அஹ்மத் தோனிஷ் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகாராவின் பேரறிஞர். ஐரோப்பியர் புகாராவைக் காண வந்த காலத்திலேயே, இவர் அமீரின் தூதுக் குழுவினரோடு மும்முறை ருஷியத் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கிற்குச் சென்று வந்து, தம் நாட்டு ஆட்சியின் குறைகளை எடுத்துரைத்து, திருத்தம் வேண்டுமென எழுதினார். பயணி என்றால் மேற்கிலிருந்து கிழக்கே வருபவன் என்று நினைத்திருந்த எனக்கு, இவர் பெயரே ஒரு பாடமாயிற்று. அவர் வழியில் வந்தவர் ஸத்ருத்தீன் அய்னி. 1878-இல் சிற்றூரிற் பிறந்து, பெற்றோரை இழந்து, புகாராவின் மதரஸாக்களில் வறுமையோடு கற்றவர். புதிய முறைப் பள்ளிகள் வேண்டுமென்று முயன்றவர்களுள் ஒருவர். அக்குற்றத்திற்காக 1917-ஆம் ஆண்டில் அமீரின் ஆணையால் அவருக்கு எழுபத்தைந்து கசையடிகள் தரப்பட்டன. ருஷியப் போர்வீரர் அவரைச் சிறையிலிருந்து மீட்டு மருத்துவமனையிற் சேர்த்தனர். அடுத்த ஆண்டு அவர்தம் உடன்பிறந்தார் கொல்லப்பட்டார். அய்னி பின்னர் அடிமைகளின் வாழ்வைப் பற்றியே ஒரு பெருநாவல் இயற்றினார். தம் புகாரா நினைவுகளையும் பல பகுதிகளாக எழுதி, 1954-இல் மறைந்தார்.

அன்பர்களே, ஸ்டாடர்டும் கானலியும் கிடந்த நிலவறையைப் பற்றி நூற்றாண்டுக்கு மேலாக உலகம் பேசி வந்திருக்கின்றது. அதனைப் பேசியவர்கள் அவ்விருவரையும் பெயரிட்டு வருந்தினர், தக்கதே. ஆனால் அந்நிலவறை அவ்விருவர்க்கென்றா தோண்டப்பட்டது? புகாரா மாந்தர்க்கென்றே தோண்டப்பட்டது. அமீரின் கசையை முதலிலும் கடைசியிலும் தாங்கியவர் அந்நகர மக்களே. அவர்களைத்தான் யான், "கொடுமையே இயல்பு" என்று எழுதினேன். அரசன் செய்த பழியைக் குடிகள்மேல் ஏற்றிவிட்டேன். அடிபட்டவனையே அடித்தவன் என்று குற்றஞ்சாட்டிவிட்டேன். தவறான வருணனையால் மொழிநடைக்கு மட்டுமே இழுக்கு என்று எண்ணியிருந்த எனக்கு, அதனால் நீதிக்கும் இழுக்கு நேரும் என்பது இப்பொழுதே விளங்கிற்று.

அய்னி எழுதியதையும் ஆராய்ந்தே கொள்ளுதல் வேண்டும் என்பதனை மறுக்கவில்லை. 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில் செஞ்சேனை புகாராவைப் பீரங்கிகளால் தாக்கிக் கைப்பற்றியது. அமீர் ஓடி ஆப்கானிஸ்தானத்தில் அடைக்கலம் புகுந்தான். கல்யான் தூணும் குண்டுபட்டுப் பழுதடைந்து பின்னர்ச் செப்பனிடப்பட்டது. அய்னி தம் நூல்களை எழுதியது, அமீரின் காலத்தைக் கரியதாகக் காட்டுதலை விரும்பிய புதிய ஆட்சியின்கீழ். ஆகவே அவர் சொல்லுக்கும், "எவர்பொருட்டு எழுதப்பட்டது?" என்னும் வினா பொருந்தும். ஆயினும் முதுகில் விழுந்த எழுபத்தைந்து அடிகள் காட்சியேயன்றிக் கருதலல்ல.

முன்னர்க் கூறிய புழுவின் கதையையும் இங்கே முடித்துவிடுகின்றேன். பயணிகள் அதனைக் கண்டு வியந்தனர், அருவருத்தனர், எழுதினர், சென்றனர். ஜெங்கின்ஸன் காலத்திலிருந்து அதனைப் பக்குவமாக உருட்டி எடுத்து நோயாளிகளைக் காத்து வந்தவர்கள் அவ்வூர் வைத்தியர். 1920-களில் ஐஸாயெவ் என்னும் மருத்துவ அறிஞர் அங்கேயே தங்கி உழைத்தார். நோய்க்கு உறைவிடமான குளங்களுட் பல வற்றச் செய்யப்பட்டன. 1930-களின் தொடக்கத்தில் அந்நோய் புகாராவினின்றும் ஒழிந்தது. காண்பவனுக்கு ஒரு பக்கமாக அமைந்த செய்தி, தங்கியவனுக்குப் பல்லாண்டுப் பணியாயிற்று. அன்றைய குளங்களுள் லபி ஹவுஸ் என்பது இன்றும் முசுக்கொட்டை மரங்கள் சூழ நகரின் நடுவே விளங்குகின்றது.

இன்று புகாராவிற்குச் செல்லுதல் அரிதன்று. 1991-இல் உஸ்பெக்கிஸ்தான் தனிநாடாயிற்று. 1993-இல் பழைய புகாரா உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிற் சேர்ந்தது. தாஷ்கண்டிலிருந்து விரைவுப் புகைவண்டி 2016 முதல் புகாரா வரை ஓடத் தொடங்கியது. அமீரின் கோட்டை அருங்காட்சியகமாகிவிட்டது. நிலவறையிலும் சிறைப்பட்டோர் உருவங்களைச் செய்து வைத்திருக்கின்றனர். செல்வோர் இரண்டு நாள் தங்குகின்றனர். தூணின் முன்னும் நிலவறையின் முன்னும் நின்று நிழற்படம் எடுக்கின்றனர். திரும்புமுன்னரே, "இந்நகரத்தார் இத்தகையர்" என்று உலகிற்கு அறிவித்துவிடுகின்றனர். ஜெங்கின்ஸன் இரண்டு திங்களுக்கு மேல் பனியிற் கிடந்து எழுதியதையே ஐயுற்று ஆராய வேண்டுமாயின், இவ்விரண்டு நாள் தீர்ப்புகளை என்னென்பது? நாமும் ஓர் ஊருக்குச் சென்றால் இதனையே செய்கின்றோம் என்பதனையும் மறத்தலாகாது.

ஆகவே, யாத்திரை நூலொன்றைக் கையில் எடுக்கும் நம் மாணவர்க்கு யான் கூறுவது இதுவே: எழுதியவர் எத்தனை நாள் தங்கினார், எவருடைய பொருளால் சென்றார், எம்மொழியில் பேசினார், அவருக்கு உணவு சமைத்தவரிடமேனும் அளவளாவினாரா என்று முதலில் வினவுங்கள். கண்டதனைக் கருதியதனின்று பிரித்துக்கொள்ளுங்கள். பின்னர், அவ்வூரிற் பிறந்து அவ்வூரைக் கடிந்துரைத்தவர் ஒருவரேனும் இருப்பார். அவரைத் தேடிப் படியுங்கள். நம் நூல்நிலையத்தில் பர்ன்ஸ் இருக்கும் அலமாரியில் அய்னிக்கும் ஓர் இடம் அளிக்குமாறு நூல்நிலையத்தாரை வணக்கத்தோடு வேண்டுகின்றேன். அவர் நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் உள.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. புகாராவின் மருத்துவக் கல்லூரியில் இன்று இந்திய மாணவர் பலர் ஆண்டுக்கணக்கிற் தங்கிப் பயில்கின்றனர். பர்ன்ஸும் வுல்பும் கர்ஸனும் அங்கே தங்கிய நாட்கள் அனைத்தையும் கூட்டினாலும் இவர்தம் நாட்களுக்கு ஈடாகா. ஆனால் அம்மூவரும் எழுதினர். நம் கல்லூரிப் பழைய மாணவர்தம் மக்களோ உறவினரோ அங்கே பயில்வாராயின், தாம் வாடகைக்கிருக்கும் வீட்டாரைப் பற்றியும், நோயாளிகளோடு பேசக் கற்ற சொற்களைப் பற்றியும், முதற் குளிர்காலத்தில் தமக்கு உதவியவரைப் பற்றியும் தமிழில் எழுதி இவ்விதழுக்கு அனுப்புமாறு வேண்டுகின்றேன். அக்கட்டுரை வந்தவுடன் என் பழைய கட்டுரையில் அவ்வாக்கியத்தை அடித்துவிட்டு, ஆசிரியரிடம் மறுபடியும் கொண்டுபோய்க் காட்டுவேன்.